சாதாரண வேலை

‘சாதாரண வேலை செய்தால் மூச்சு வாங்குகிறதா?’ இதயநோய் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு வரும் எவரிடமும் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. 1928இல் நியூயார்க் இதயச் சங்கம் வகுத்த நான்கு படிநிலைகள் இந்தக் கேள்வியின் மேல்தான் இன்றும் நிற்கின்றன. சாதாரண வேலையில் தொந்தரவே இல்லையென்றால் முதல் நிலை. சாதாரண வேலையில் மூச்சு வாங்கினால் இரண்டாம் நிலை. அதைவிடக் குறைந்த வேலையிலேயே வாங்கினால் மூன்றாம் நிலை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கினால் நான்காம் நிலை. அறுவை சிகிச்சை தேவையா, மாத்திரை போதுமா, வேலைக்குத் திரும்பலாமா என்ற முடிவுகள் எல்லாம் இந்த எண்ணைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. ஆனால் எது சாதாரண வேலை என்று அந்த வகைப்பாடு எங்கும் சொல்லவில்லை.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கத்துப் பெண்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “வேலை செஞ்சா மூச்சு வாங்காதா பின்ன?” விடியலில் குழாயடியிலிருந்து நாலைந்து குடம் தண்ணீர், அடுப்பு வேலை, கம்பெனி வேனைப் பிடிக்க ஓட்டம், எட்டு மணி நேரம் நின்றோ குனிந்தோ ஷூ வேலை, திரும்பி வந்து மறுபடி அடுப்பு. இவ்வளவும் அவர்களுக்குச் சாதாரண வேலைதான். இதில் மூச்சு வாங்கினால் அவர் எந்த நிலை?

இந்தத் தோல் வட்டாரத்தில் ஒரு மருத்துவமனையின் இதய, நுரையீரல் சோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ட்ரெட்மில்லில் நடக்க வைப்பதும், முகமூடி மாட்டி சைக்கிள் மிதிக்க வைப்பதும், ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்வதும் என் வேலை. கம்ப்யூட்டர் ஒவ்வோர் அளவின் பக்கத்திலும் ஒரு விழுக்காட்டைப் போடும்: இவர் எட்டியிருக்க வேண்டிய அளவில் இவ்வளவு எட்டினார் என்று. ‘எட்டியிருக்க வேண்டிய அளவு’ யாரை அளந்து வந்தது என்று தேடிப்போனதன் விளைவே இந்தக் கட்டுரை.

மூச்சை அளக்கும் வரலாற்றை 1846இல் லண்டனில் தொடங்குவார்கள். ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஸ்பைரோமீட்டரைக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூச்சுக் கொள்ளளவை அளந்து வெளியிட்டார். மாலுமிகள், காவலர்கள், படைவீரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், கனவான்கள் எனப் பெரும்பாலும் ஆண்கள். ஆயுள் காப்பீட்டுக்கு வருபவர் நெடுநாள் வாழ்வாரா என்று கணிக்க இந்தக் கருவி உதவும் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. ஆக, பிறந்தபோதே இந்தக் கருவி பணத்தோடு சேர்ந்துதான் பிறந்தது. 1920களில் ஏ.வி. ஹில் இங்கிலாந்தில் முதுகில் காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு ஓடி, உடல் நுகரக்கூடிய உச்ச ஆக்சிஜனுக்கு ஓர் எல்லை உண்டென்று காட்டினார். அளக்கப்பட்ட உடல் முதன்மையாக அவருடையதே.

இன்று ட்ரெட்மில் ரிப்போர்ட்டில் காணும் ‘மெட்’ என்ற அலகும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி ஆக்சிஜன் என்பது ஒரு மெட். 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் கணக்கு இது என்று உடலியல் நூல்களே சொல்கின்றன. 42 கிலோ எடையுள்ள பீடித் தொழிலாளியும் இந்த அலகால்தான் அளக்கப்படுகிறார்.

முகமூடி மாட்டிச் செய்யும் முழுமையான சோதனையின் கதை இன்னும் சுவையானது. கலிஃபோர்னியாவில் கார்ல்மன் வாசர்மன் குழுவினர் இதைச் செம்மைப்படுத்தினார்கள். ஜேம்ஸ் ஹான்சன், டாரில் சூ, வாசர்மன் ஆகிய மூவரும் 1984இல் வெளியிட்ட இயல்பளவுகள் உலகெங்கும் மென்பொருள்களில் ஏறின. அந்த அளவுகள் கிடைத்தது கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களிடமிருந்து. கல்நார் தூசியால் பாதிப்பு உண்டா என்று பரிசோதிக்கப்பட்டவர்களில் நோயில்லாத 77 பேர். அத்தனை பேரும் ஆண்கள். இதில் எனக்குக் கோபத்தைவிடப் பொறாமைதான் அதிகம். கப்பல் தளத்துத் தொழிலாளியின் மூச்சு அறிவியலுக்குள் நுழைந்ததற்குக் காரணம் அவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இருந்ததும், அதற்காக அவரை யாரோ அளந்தாக வேண்டியிருந்ததும்தான். அடுத்த ஆண்டே கனடாவில் நோர்மன் ஜோன்ஸ் குழுவினர் 50 ஆண்களையும் 50 பெண்களையும் அளந்து வெளியிட்டார்கள். எந்த அட்டவணையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே பெண் ‘இயல்பு’ என்றோ ‘குறைவு’ என்றோ ஆகிவிடலாம்.

வேலூருக்கு வருவோம். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவ மையம் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியானது. ஆண்கள் அங்கு மாணவர்களாக நுழைந்தது 1947இல். ஐடாவின் கதையை நாம் போதுமான அளவு கேட்டுவிட்டோம். அங்கே இதயநோய்த் துறையைத் தொடங்கியவர் கமலா வைத்திலிங்கம் என்ற பெண் மருத்துவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நெஞ்சறுவைத் துறையை 1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் தொடங்கினார். அவர்களிடம் வந்த நோயாளிகளில் பெரும் பகுதியினருக்கு மைட்ரல் வால்வு சுருக்கம். சிறுவயதில் தொண்டைப்புண், பின் மூட்டுக் காய்ச்சல், வால்வில் தழும்பு, சில ஆண்டுகளில் சுருக்கம். நெருக்கமான வீடுகளில் வாழும் ஏழைகளின் நோய். ஆண்களைவிடப் பெண்களை அதிகம் பிடிக்கும் நோய்.

இந்த நோயின் இயக்கம் தெரிந்தால்தான் உழைப்புச் சோதனை எதற்கு என்று விளங்கும். சுருங்கிய வால்வின் வழியே இரத்தம் இறங்க நேரம் வேண்டும். உட்கார்ந்திருக்கையில் அந்த நேரம் கிடைக்கிறது. வேகமாக நடந்தால் துடிப்பு கூடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையிலான நேரம் குறைகிறது. இறங்காத இரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் அழுத்தத்தை ஏற்றுகிறது. அதுதான் மூச்சுத் திணறல். கர்ப்பத்திலும் இதே கதை. இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, துடிப்பும் கூடுகிறது. அதுவரை ‘நல்லா’ இருந்த பெண் ஐந்தாறு மாதத்தில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவாள். எந்த ட்ரெட்மில்லும் இல்லாத காலத்தில் பெண்ணுடலுக்கு வைக்கப்பட்ட உழைப்புச் சோதனை கர்ப்பம்தான். பலர் அதில் இறந்தார்கள். ‘பிரசவத்துல போயிட்டா’ என்று ஊர் சொன்ன சாவுகளில் எத்தனை வால்வுச் சாவுகளோ.

வேலூரில் செய்த சிகிச்சை எளிமையானது. இதயத்தை நிறுத்தாமல், இதய-நுரையீரல் எந்திரம் இல்லாமல், மூடிய இதயத்துக்குள்ளேயே வால்வைப் பிரித்துவிடுவது. ஏழை நாட்டுக்கு ஏற்ற அறுவை. ஸ்டான்லி ஜான் குழுவினர் 1983இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் 3,724 பேரின் நீண்டகால விளைவுகளை வெளியிட்டார்கள். இத்தகைய கணக்குகளில் அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியின் நிலையைக் குறிப்பது அதே நியூயார்க் படிநிலைகள்தான். சாதாரண வேலை என்ற அந்தச் சொல் வேலூரிலும் வந்து உட்கார்ந்துவிட்டது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மூச்சு வாங்கும் பெண் முதலில் வேலையை மாற்றிக்கொள்கிறாள். இரண்டு குடத்துக்குப் பதில் ஒன்று. மாடி வீட்டு வேலையை விட்டுவிடுவது. சந்தைக்கு மகளை அனுப்புவது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் “இப்ப ஒண்ணும் தொந்தரவு இல்ல” என்பாள். அது பொய்யில்லை. தொந்தரவு வரும் இடத்துக்கு அவள் போவதை நிறுத்திவிட்டாள். எக்கோவில் வால்வு சுருங்கியிருந்தும் தொந்தரவு இல்லை என்பவர்களை நடக்கவைத்துப் பார்க்கும்படி இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் சொல்வது இதனால்தான். ட்ரெட்மில் மேல் எனக்கு உள்ள மரியாதையும் இதனால்தான். பெண்கள் தங்களை அறியாமலே மறைத்துவைப்பதை அது வெளியே எடுக்கிறது.

வால்வு ஒரு பக்கம் என்றால் புகை இன்னொரு பக்கம். பர்மாவில் பிறந்து தில்லியில் பணியாற்றிய எஸ். பத்மாவதி, எஸ்.என். பதக்குடன் சேர்ந்து 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நுரையீரல் கெட்டு அதனால் இதயம் வீங்கிய 127 பேரைப் பற்றியது. மேலைநாட்டு நூல்களின்படி இது புகைபிடிக்கும் ஆண்களின் நோய். தில்லியிலோ புகைபிடிக்காத பெண்களும் ஏராளமாக வந்தார்கள். பத்மாவதி அடுப்பங்கரையைக் காட்டினார். அரை நூற்றாண்டு கழித்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணனும் உடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டுக் கிராம அடுப்புகளின் புகையைக் கருவி வைத்து அளந்தார்கள். பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் அடுப்புப் புகையோடு புகையிலைத் தூளும் சேர்கிறது. வீட்டுக்குள்ளேயே முறம் நிறையப் புகையிலையை வைத்துப் பீடி சுற்றும் பெண்களிடம் “புகைப்பழக்கம் உண்டா?” என்று படிவம் கேட்கிறது. “இல்லை” என்று எழுதுகிறோம்.

முகமூடிச் சோதனை இதயத்தையும் நுரையீரலையும் பிரித்துக்காட்டும் விதம் அழகானது. ஒருவர் ஓய்வில் எவ்வளவு காற்றை அதிகபட்சம் இழுத்துவிட முடியும் என்று முன்பே கணக்கிட்டுவிடுவோம். உழைப்பின் உச்சத்தில் அதில் எவ்வளவைப் பயன்படுத்தினார் என்று பார்ப்போம். ஏறக்குறைய முழுவதையும் தீர்த்துவிட்டு நின்றால் நுரையீரல்தான் கையை விரித்தது. கணிசமாக மிச்சம் இருக்கும்போதே நின்றால் தடை வேறெங்கோ: இதயத்தில், இரத்தத்தில், தசையில். இந்த ‘வேறெங்கோ’வில்தான் பெண்கள் தொலைந்துபோகிறார்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 12 கிராம் உள்ளவரின் 100 மில்லி இரத்தம் 16 மில்லி சுமந்தால், 8 கிராம் உள்ளவருடையது 10.7 மில்லிதான் சுமக்கும். மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதயம் அடித்து அடித்து ஈடுகட்டப் பார்க்கும், ஓரளவுக்கு மேல் முடியாது. ரிப்போர்ட்டில் உச்ச ஆக்சிஜன் நுகர்வு குறைவு, துடிப்பு அதிகம், தசைகள் சீக்கிரமே லாக்டிக் அமிலம் சேர்க்கத் தொடங்கிவிட்டன என்று வரும். உடற்பயிற்சி இல்லாத உடலும் ஏறத்தாழ இதே கோட்டைத்தான் வரையும். ‘உடல் பழக்கமின்மை’ என்று எழுதி நடைப்பயிற்சி பரிந்துரைத்த சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். நாளெல்லாம் காலில் நிற்பவளுக்கு நடைப்பயிற்சி! சோதனைக்கு முன் ஹீமோகுளோபின் பார்த்தாயிற்றா என்று கேட்பது ஒரு டெக்னீஷியனால் முடியும். நான் கேட்கிறேன்.

அடுத்தது சைக்கிள். இந்தப் பெண்களில் பலர் வாழ்நாளில் சைக்கிள் மிதித்ததில்லை. சேலை, நைட்டி, புர்கா, எதுவும் பெடலுக்கு ஒத்துவராது. மார்பில் எலெக்ட்ரோடு ஒட்ட வேண்டும், மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி வேண்டும், அறையில் ஓர் ஆண் டாக்டர் நிற்பார். தொடை வலித்து ஆறாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவார். வெளிவிடும் கரியமில வாயுவை உள்ளிழுத்த ஆக்சிஜனால் வகுத்தால் 1.10 வரவேண்டும், அப்போதுதான் முழு முயற்சி என்பது பொது விதி. 0.98இல் நின்றால் கம்ப்யூட்டர் ‘உச்சத்துக்குக் குறைவான முயற்சி’ என்று அச்சடிக்கும். மருத்துவத் தமிழில் அது ‘ஒத்துழைக்கவில்லை’ ஆகும். கம்பெனி அலுவலகத்தில் ‘நடிக்கிறா’ ஆகும். மூன்று கை மாறுவதற்குள் தொடை வலி குணக்கேடாகிவிடுகிறது.

ட்ரெட்மில்லிலும் இப்படி ஒன்று உண்டு. வயதுக்கு ஏற்ற உச்சத் துடிப்பு 220இல் வயதைக் கழித்தால் வரும் என்பது 1971 முதல் புழக்கத்தில் உள்ள கணக்கு. அதில் 85 விழுக்காட்டை எட்டினால்தான் சோதனை செல்லும். 45 வயதுப் பெண்ணுக்கு உச்சம் 175, எட்ட வேண்டியது 149. மார்த்தா குலாட்டி என்ற இதயநோய் மருத்துவரும் குழுவினரும் சிகாகோ பகுதியில் நோய் அறிகுறியில்லாத 5,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து 2010இல் வேறொரு கணக்கைச் சொன்னார்கள்: பெண்களுக்கு 206இலிருந்து வயதின் 0.88 மடங்கைக் கழிக்க வேண்டும். அதே பெண்ணுக்கு உச்சம் 166, எட்ட வேண்டியது 141. துடிப்பு 145இல் களைத்து நிறுத்தியவர் முதல் கணக்கில் முயற்சி போதாதவர். இரண்டாம் கணக்கில் சோதனையை முடித்தவர். எங்கள் எந்திரத்தில் முதல் கணக்குதான் இருக்கிறது.

அப்படியானால் பெண்களுக்கும் இந்தியர்களுக்கும் இலக்கைக் குறைத்துவிட்டால் போதுமா? அங்கேதான் நான் தயங்குகிறேன். ஸ்பைரோமெட்ரியில் வெள்ளையர் அளவில் பத்து விழுக்காடு கழித்து இந்தியருக்குப் போடுவது நெடுநாள் வழக்கம். 2012இல் வந்த உலகளாவிய சமன்பாடுகளில்கூட இந்தியத் துணைக்கண்டத்துக்கெனத் தனி வகை இல்லை. ‘மற்றவர்’ என்பதைத்தான் அழுத்த வேண்டும். இனவாரிக் கழிவு எங்கிருந்து வந்தது என்பதை லுண்டி பிரௌன் 2014இல் வெளிவந்த நூலில் அமெரிக்க அடிமை முறைவரை தேடிச்சென்று எழுதியிருக்கிறார். அதில் ஒரு வழக்கு வருகிறது. 1999இல் பால்டிமோரில் ஓவன்ஸ் கார்னிங் என்ற நிறுவனம், கறுப்பினத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் கொள்ளளவு இயல்பிலேயே குறைவு, எனவே கல்நார் இழப்பீடு கேட்க அவர்கள் இன்னும் மோசமான அளவைக் காட்ட வேண்டும் என்று வாதிட்டது. இலக்கைக் குறைத்தால் நோயும் குறைந்துவிடும், காகிதத்தில். 2023இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் இனவாரிக் கழிவைக் கைவிடப் பரிந்துரைத்தது. எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு ‘இவங்களுக்கு இவ்வளவுதான் இருக்கும்’ என்ற கழிவும் கெடுதல். ‘இவங்க முயற்சி பண்ணல’ என்ற கறாரும் கெடுதல்.

தோல் தொழிலுக்குப் பெண்கள் பெருமளவில் வந்ததற்கும் ஓர் ஆண்டு உண்டு. 1973இல் ஒன்றிய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைக் கப்பலேற்றிவந்த முதலாளிகள் முழுதாய்ப் பதனிட்ட தோலுக்கும், பிறகு ஷூவுக்கும் நகர்ந்தார்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியும் குரோமியமும் பெரும்பாலும் ஆண்கள் கையில், அதிலும் தலித் ஆண்கள் கையில் இருந்தன. ஷூ கம்பெனியின் தையலும் ஒட்டும் பெண்கள் கைக்கு வந்தன. ஒட்டும் பசையில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள்.

இங்கே ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு பெண்ணை அறிமுகப்படுத்த வேண்டும். இர்மா ரைமிங். பெர்-ஓலோஃப் ஆஸ்ட்ராண்டுடன் சேர்ந்து 1954இல், உச்சம்வரை உழைக்கவைக்காமலே துடிப்பை வைத்து ஆக்சிஜன் திறனைக் கணிக்கும் அட்டவணையை உருவாக்கினார். 1960இல் ஆண், பெண் இருபாலரின் உழைப்புத் திறனையும் வயதோடு வைத்து ஆராய்ந்து எழுதினார். இர்மா ஆஸ்ட்ராண்ட் என்ற பெயரில் 1970களில் அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். சைக்கிள் மிதிப்பவர்களைக் கரைப்பான் கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, உழைக்கும் உடல் ஓய்வில் உள்ள உடலைவிட எவ்வளவு அதிகம் உறிஞ்சுகிறது என்று அளந்தார். அறையின் காற்றில் எத்தனை பங்கு நஞ்சு என்பதோடு, அதைச் சுவாசிப்பவர் எவ்வளவு கடினமாக உழைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்றாகிறது. பிராண்டுகளின் தணிக்கையாளர்கள் ஆம்பூரில் காற்றை அளக்கிறார்கள். பசை டேபிளில் நிற்பவளின் துடிப்பை அளந்து நான் பார்த்ததில்லை.

அதை அளக்கும் முறை இந்தியாவிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. எம்.ஏ. வர்கீஸ், பி.என். சாஹா, என். ஆத்ரேயா ஆகியோர் 1994இல் இந்தியப் பெண்களின் வேலைச்சுமையைத் துடிப்பு வாரியாக வகுத்தார்கள். நிமிடத்துக்கு 106 முதல் 120 வரை மிதமான கனம், 121 முதல் 135 வரை கனமான வேலை, அதற்கு மேல் மிகக் கனம். மனையியல் துறை மாணவிகள் நாற்று நடுபவர்களையும் மாவரைப்பவர்களையும் இந்த அளவில் வைத்து எத்தனையோ ஆய்வேடுகள் எழுதியிருக்கிறார்கள். ‘சமையல் படிப்பு’ என்று கேலி செய்யப்பட்ட துறை, சாதாரண வேலை என்றால் என்ன என்ற கேள்விக்கு எண்ணால் பதில் சொல்லியிருக்கிறது. இதயநோய்த் துறைகள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

துடிப்போடு, ‘எவ்வளவு கஷ்டமா இருக்கு?’ என்றும் கேட்பது வழக்கம். ஸ்வீடனின் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஆண்கள் 15, 17 என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். பெண்கள் “பரவாயில்லம்மா” என்பார்கள். துடிப்பு 110இல் பரவாயில்லை, 140இல் பரவாயில்லை, 160இல் பரவாயில்லை, பிறகு சட்டென்று கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். நான் இப்போது எண்ணைக் கேட்பதில்லை. “ரெண்டு குடம் தூக்குற மாதிரியா, கேஸ் சிலிண்டர் தூக்குற மாதிரியா?” என்று கேட்கிறேன். உடனே சரியான பதில் வருகிறது.

தொழிலாளர் காப்பீட்டுக்கான சட்ட அட்டவணையில் குரோமியத்தால் வரும் நோய்களும், வேலையிடப் பொருள்களால் வரும் ஆஸ்துமாவும் தொழில்நோய்களாக இருக்கின்றன. அந்த அட்டவணையைத் திறக்கும் சாவிகளில் எங்கள் அறையின் ரிப்போர்ட்டும் ஒன்று. அதில் ‘முயற்சி போதாது’ என்ற இரண்டு சொல் இருந்தால் சாவி திரும்பாது. அதனால் ஏன் நிறுத்தினார் என்று தனி வரி எழுதுகிறேன்: தொடை வலி, முகமூடி பயம், நெஞ்சடைப்பு, சேலை சிக்கியது. எழுதக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக்கொடுக்கும் பெண்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஜோடிக்கு இவ்வளவு என்று ஏஜென்ட் கொடுப்பதுதான் கூலி, இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. எப்போதாவது மூச்சு முட்டி வந்து சேர்ந்தால், சோதனைப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் ஓ.பி.யிலேயே ‘இல்லத்தரசி’ என்று அடித்திருப்பார்கள். அதை அடிக்காமல் விட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதிவைக்கிறேன்: ஷூ அப்பர் தையல், பத்தொன்பது வருடம், ஜன்னல் இல்லாத அறை, விறகு அடுப்பு.